எஞ்சின் மாற்றிய காரில் ஏர்கோன் யாருடைய வேலை?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் பழைய காருக்கு எஞ்சின் மாற்ற ஆளுக்குப் பஞ்சமில்லை. ஏர்கோன் (ஏசி) கடைகளும் உண்டு, கார் வயரிங் பார்க்கிறவர்களும் உண்டு. ஆனால் வேறு எஞ்சின் ஏறிய காரில் ஏர்கோனை மறுபடி ஓட வைப்பது இந்த மூவரில் எவருடைய வேலையும் இல்லை என்பது பணம் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எஞ்சின் போட்டவர் ஏர்கோன் கடையைக் காட்டினார். ஏர்கோன் கடைக்காரர் வயர்மேனைக் காட்டினார். வயர்மேன் திரும்பவும் எஞ்சின் போட்டவரையே காட்டினார். தைப்பூசத்துக்கு முன் பட்டறைக்குப் போன கார், சித்திரைப் புத்தாண்டு கழிந்துதான் குளிர்ந்தது. யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஏறக்குறைய ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) மிச்சமாகியிருக்கும். பழைய காரை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிற குடும்பங்கள் நம்மிடையே நிறைய இருப்பதால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

கார் அப்பாவுடையது. தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் சீட்டுப் பணத்தை முன்பணமாகக் கட்டி வாங்கிய புரோட்டோன் வீரா, கார்புரேட்டர் வைத்த பழைய 1.5. காந்தான் பக்கம் போகும்போது ரேடியேட்டர் குழாய் வெடித்து, எஞ்சின் கொதித்து, ஹெட் வளைந்துவிட்டது. அந்த 4ஜி15 எஞ்சினுக்குச் செலவு செய்வதைவிட, ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய காரின் (ஹாஃப்கட்) 4ஜி93 எஞ்சினைப் போட்டுவிடலாம் என்றார் போமன் (பட்டறை மெக்கானிக்). யோசனை நல்ல யோசனைதான். வீராவின் 1.8 ரகம் தொழிற்சாலையிலிருந்தே 4ஜி93 எஞ்சினோடுதான் வந்தது என்பதால் மவுண்டிங் போன்ற சாமான்கள் கிடைப்பதில் சிரமமில்லை. எஞ்சின், கியர்பாக்ஸ், ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), எஞ்சின் வயரிங் எல்லாம் சேர்த்து 2,800 வெள்ளி, கூலி 900. ஏர்கோன் என்னாகும் என்று கேட்டேன். "போலே, போலே" (முடியும், முடியும்) என்று தலையாட்டினார். யார் செய்வார்கள், எப்போது செய்வார்கள், எவ்வளவு ஆகும் என்று நான் தொடர்ந்து கேட்டிருந்தால் பாதிக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

எஞ்சின் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 4ஜி93 என்று சொன்னால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். 1996-இல் மிட்சுபிஷி இதே எண்ணில் ஜிடிஐ என்ற நேரடி எரிபொருள் ரகத்தையும் கொண்டுவந்தது. அதன் பம்பும் வயரிங்கும் முற்றிலும் வேறு. நமக்கு வேண்டியது சாதாரண இன்ஜெக்ஷன் ரகம். ஹாஃப்கட் கடையில் எஞ்சினோடு கம்ப்ரசரும், அதன் தாங்கியும், பெல்ட்டை இறுக்கும் உருளையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வயரிங்கை அறுக்காமல், பிளக்குகளோடு முழுதாகக் கேளுங்கள். அறுத்த வயரிங்கை மலிவாகத் தருவார்கள். அந்த மலிவு வயர்மேன் கூலியில் போய்விடும்.

கார் திரும்பி வந்தபோது எஞ்சின் அருமையாக ஓடியது. பானெட்டைத் திறந்தால் ஏர்கோன் குழாய்கள் இரண்டும் வாயைத் திறந்துகொண்டு தொங்கின. பழைய எஞ்சினைக் கழற்றும்போது ஏர்கோனின் குளிரூட்டும் கேஸை அப்படியே காற்றில் விட்டிருக்கிறார்கள். அது ஒருபுறம். குழாய்களுக்கு மூடி போடாமல் வாரக்கணக்கில் விட்டதுதான் என் பணத்தில் கை வைத்தது. நம் ஊர் ஈரக்காற்றில் குழாய் திறந்து கிடந்தால் டிரையருக்குள் இருக்கிற ஈரமுறிஞ்சி நிறைந்துவிடும். அதன் பிறகு எவ்வளவு நல்ல கேஸ் ஏற்றினாலும், உள்ளே இருக்கிற நீர் குளிர்ச்சி வால்வில் உறைந்து அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அரிக்கும். ஆகவே குழாயைக் கழற்றியதும் பிளாஸ்டிக் மூடியோ, ஒரு பையும் ரப்பர் வளையமுமோ போட்டுக் கட்டச் சொல்லுங்கள். காசு செலவில்லாத வேலை. திறந்து கிடந்திருந்தால் டிரையரை மாற்றாமல் கேஸ் ஏற்ற விடாதீர்கள். வேக்கூம் பம்பு குறைந்தது அரை மணி நேரமாவது ஓட வேண்டும். ஓட்டிய பிறகு அழுத்த மீட்டரின் வால்வை மூடி வைத்து, முள் ஏறாமல் நிற்கிறதா என்று நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஏர்கோன் கடையில் முதல் வேலை ஒழுங்காகத்தான் நடந்தது. புது கம்ப்ரசரின் குழாய்வாய் வேறு பக்கம் பார்த்ததால் இரண்டு குழாய்களைப் புதிதாக அழுத்திச் செய்ய வேண்டியிருந்தது, 280 வெள்ளி. டிரையர் 60. ஆர்134ஏ கேஸும் வேக்கூமும் 120. எல்லாம் முடிந்து சுவிட்சைப் போட்டால் கம்ப்ரசர் பிடிக்கவில்லை. கடைக்காரர் கொஞ்ச நேரம் வயர்களைப் பார்த்தார். பிறகு ஃபியூஸ் பெட்டியிலிருந்து ஒரு வயரை இழுத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்ன சுவிட்சை மாட்டி, நேராகக் கம்ப்ரசரின் மேக்னட் கிளட்ச்சுக்கு (கம்ப்ரசரை எஞ்சின் பெல்ட்டோடு இணைக்கும் மின்காந்தத்துக்கு) கொடுத்துவிட்டார். ஐந்தே நிமிடத்தில் காருக்குள் ஐஸ்பெட்டி. கூலி 180 வெள்ளியைச் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த நேர் வயர் என்னென்ன செய்தது என்று வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் குறுக்கு வழியை உங்களுக்கும் யாராவது நிச்சயம் காட்டுவார்கள். முதலில், விரைவுச்சாலையில் கொஞ்ச தூரம் போனதும் காற்று மெல்ல மெல்லக் குறைந்தது. புளோவர் சத்தம் மட்டும் வந்தது. கூலிங் காயில் (உள்ளே காற்றைக் குளிர்விக்கும் சுருள் குழாய்) முழுக்கப் பனி கட்டி, காற்றுக்கு வழியே இல்லாமல் போயிருந்தது. சாதாரணமாகக் காயில் உறைகிற நிலைக்கு நெருங்கும்போது தெர்மோ சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்தும். நேர் வயரில் அதற்கு வேலையே இல்லை. அடுத்து, சிக்னலில் நின்றால் எஞ்சின் நடுங்கி அணைந்தது. அது மழை நாளாக இருந்தால் இன்னும் மோசம். ஏர்கோனைப் போட்டால் எஞ்சின் நிற்கும், அணைத்தால் கண்ணாடி முழுக்கப் புகை போல ஈரம் படியும், எதிரே வரும் சிமெண்டு லாரியின் விளக்கு மட்டும் தெரியும்.

உச்சக்கட்டம் ஈப்போவில். அம்மாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். நல்ல வெயில், நெரிசலில் கார் நகரவில்லை. திடீரென்று பானெட்டுக்கு அடியிலிருந்து பெரிய சீற்றம், வெள்ளைப் புகை. தீப்பிடித்துவிட்டது என்று அம்மாவைக் கீழே இறக்கி, சாலையோரம் உட்கார வைத்தேன். பக்கத்துக் கார்க்காரர்கள் தீயணைப்பானோடு ஓடி வந்தார்கள். தீ இல்லை. கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கான விசிறியும் அந்த நேர் வயரில் சேராததால் அது சுற்றவே இல்லை. கார் ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்சரைக் காப்பாற்றியிருக்கிறது; நின்றதும் அழுத்தம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. அழுத்தம் 30 பார் அளவைத் தாண்டினால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்தியிருக்க வேண்டும். அதையும் தாண்டித்தான் வயர் போயிருந்தது. கடைசியில் கம்ப்ரசரின் பாதுகாப்பு வால்வு திறந்து கேஸ் முழுவதையும் வெளியே தள்ளியது. அந்த வால்வும் இல்லையென்றால் குழாய் வெடித்திருக்கும். அம்மா அன்றைக்கு என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தடவை வாடகைக் காரில் போகலாம் என்று மட்டும் சொன்னார்; அது திட்டியதைவிட அதிகமாகவே உறைத்தது.

ஏர்கோன் கடைக்காரர் மறுபடி கேஸ் ஏற்றிக் கொடுத்து, மறுபடி 120 வெள்ளி வாங்கிக்கொண்டு, வயரிங் தன் வேலை இல்லை என்றார். நேர் வயர் இழுத்தது யாருடைய வேலை என்று கேட்டேன். சிரித்தார்.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ள பழைய எஞ்சினுக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் தெரிய வேண்டும். கார்புரேட்டர் எஞ்சினுக்கு மூளை கிடையாது. ஏர்கோன் போட்டால் ஒரு சிறு வால்வு திறந்து, எஞ்சினின் உறிஞ்சு விசையால் த்ராட்டிலைச் சற்றே இழுத்துப் பிடிக்கும். நின்ற இடத்தில் ஓட்டம் குறையாமல் இருக்கும். இன்ஜெக்ஷன் எஞ்சினில் அந்த வேலை ஈசியுவினுடையது. ஏர்கோன் வேண்டும் என்று முதலில் ஈசியுவிடம் ஒரு வயர் வழியாகக் கேட்க வேண்டும். அது கேட்டதும் காற்று வழியைக் கொஞ்சம் திறந்து ஓட்டத்தை உயர்த்திவிட்டு, இன்னொரு வயர் வழியாகக் கம்ப்ரசர் ரிலேயை (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சை) இயக்கும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து முந்தும்போது சில நொடிகள் கம்ப்ரசரை விலக்குவதும் அதுதான். கேட்கிற வயர் ஒன்று, ஆணையிடுகிற வயர் ஒன்று. என் காரின் பழைய உடல் வயரிங்கில் இந்த இரண்டும் கிடையாது; புது எஞ்சினின் வயரிங்கில் இரண்டும் எங்கும் சேராமல் அந்தரத்தில் நின்றன.

வயர்மேனிடம் போனேன். இரண்டு வயர்கள் இருப்பது அவருக்கும் தெரிந்திருந்தது. எது எது என்பதில்தான் ஊகித்துவிட்டார். ஆணை வரும் முனையில் சுவிட்சிலிருந்து 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தார். கேட்கும் முனையை ரிலேயின் சுருளில் மாட்டினார். ரிலேயின் மறுமுனையில் ஏற்கெனவே மின்சாரம் இருந்ததால் அது சுருள் வழியாக வந்து ஈசியுவைத் தொட்டது. ஈசியு, ஏர்கோன் கேட்கிறார்கள் என்று எண்ணி, ஆணை முனையைப் பூமியோடு, அதாவது பாட்டரியின் எதிர்முனையோடு, இணைத்தது. அந்த முனையில்தான் நேர் 12 வோல்ட் காத்திருந்தது. டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து கருகல் வாடை. எஞ்சின் ஓடியது, ஆனால் ஈசியுவின் அந்த ஒரு முனை செத்துப்போனது. கூலி 200 வெள்ளி ஏற்கெனவே கொடுத்தாயிற்று. அதே எண்ணுள்ள பழைய ஈசியுவைத் தேடிப் பிடிக்க 350.

எண்களைப் பார்த்தால் ஏன் கருகியது என்பது விளங்கும். ரிலேயின் சுருளுக்கு ஏறக்குறைய 80 முதல் 100 ஓம். 12 வோல்ட்டில் கால் ஆம்பியர்கூட இழுக்காது. ஈசியுவின் முனை அந்த அளவுக்குத்தான் செய்யப்பட்டது. மேக்னட் கிளட்ச்சோ 3, 4 ஓம்தான். அது 3 முதல் 4 ஆம்பியர் இழுக்கும். நடுவில் சுமை எதுவும் இல்லாமல் பாட்டரியை நேராகக் கொடுத்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே ஈசியு முனைகளில் ஊகத்துக்கு இடமில்லை. உங்கள் ஈசியுவின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு உரிய வயரிங் படம் கையில் இல்லாமல் யாரும் அதைத் தொட வேண்டாம். ஒரே எஞ்சினுக்கு வந்த வேறு ஈசியுவில் முனைகள் இடம் மாறியிருக்கும். இன்னொன்று, பல்பு வைத்த டெஸ்ட் விளக்கால் ஈசியு முனையைக் குத்திப் பார்க்காதீர்கள், அந்தப் பல்பே அதிகம் இழுக்கும். முப்பது வெள்ளி மல்டிமீட்டர் போதும்.

கடைசியில் வழிகாட்டியவர் இந்த மூன்று கடைகளிலும் இல்லாத ஒரு பெரியவர். தோட்டத்துப் பட்டறையில் லாரிக்கும் டிராக்டருக்கும் வயரிங் பார்த்து ஓய்வு பெற்றவர். நான் வேலை பார்க்கும் செம்பனை ஆலைக்குக் குலை ஏற்றி வரும் லாரி ஓட்டுநர் ஒருவர் சொல்லித்தான் அவரைத் தெரிந்தது. போனதும் காரைப் பார்க்கவில்லை. "படம் இருக்கிறதா தம்பி?" என்று கேட்டார். இல்லை ஐயா என்றேன். "படத்தோடு வாருங்கள், அதுவரை சாவியைக்கூடத் திருப்ப வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. படத்தோடு போனபோது என் பையில் இருந்த எடைமேடைச் சீட்டின் பின்பக்கத்தில் முழுச் சங்கிலியையும் வரைந்து காட்டினார்.

அது இவ்வளவுதான். புளோவர் ஓடினால்தான் ஏர்கோன் சுவிட்சுக்கு உயிர் வர வேண்டும். காற்று ஓடாத கூலிங் காயில் உடனே உறைந்துவிடும். சுவிட்சிலிருந்து தெர்மோ சுவிட்ச். அங்கிருந்து பிரஷர் சுவிட்ச். கேஸ் குறைந்து 2 பாருக்குக் கீழே போனாலும் அது திறந்துகொள்ளும், இல்லையென்றால் எண்ணெய் சுற்றாமல் கம்ப்ரசர் இறுகிவிடும். அங்கிருந்து ஈசியுவின் கேட்கும் முனை. ஈசியுவின் ஆணை முனை ரிலேயின் சுருளைப் பூமிக்கு இழுக்கும். ரிலேயின் தடித்த முனைகள் வழியாக, தனி 10 ஆம்பியர் ஃபியூஸோடு, கிளட்ச்சுக்கு மின்சாரம். கிளட்ச் வயரில் ஒரு டையோடு. கிளட்ச் அணையும்போது எழும் மின்அதிர்ச்சி அதில் அடங்கும். கூடவே கண்டென்சர் விசிறிக்கு இன்னொரு ரிலே. ஏதாவது பிடிக்கவில்லை என்றால் சுவிட்சிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கண்ணியாக மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டே போக வேண்டும், நடுவில் குதிக்கக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. இன்ன ஈசியுவுக்கு 12 வோல்ட் கொடுத்துக் கேட்பதா, பூமி கொடுத்துக் கேட்பதா என்பதையும் படத்தில் காட்டி உறுதி செய்த பிறகுதான் வயரைத் தொட்டார்.

எல்லாம் சேர்த்தும் ஒரு தொல்லை மிச்சமிருந்தது. ரிலே தட்டும் சத்தம் கேட்டது, கிளட்ச் அரைகுறையாகப் பிடித்து வழுக்கியது. கம்ப்ரசரே போய்விட்டது என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். பெரியவர் மீட்டரின் ஒரு முனையை எஞ்சின் மேலும் மறு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும் வைத்தார். ஏர்கோன் ஓடும்போது ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கால் வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடம். கிளட்ச்சுக்கு ஒரே ஒரு வயர்தான். திரும்பும் வழி எஞ்சினின் இரும்பு. எஞ்சினையும் காரின் உடலையும் இணைக்கும் பின்னல் பட்டையைப் புது எஞ்சின் போட்டபோது மாட்டவே இல்லை. பதினைந்து வெள்ளிப் பட்டை. அதை மாட்டியதும் கிளட்ச் டக்கென்று பிடித்தது, முன்பு மங்கலாக எரிந்த விளக்குகூடப் பிரகாசமானது. எஞ்சின் மாற்றியவர்கள் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் இந்தப் பட்டையைப் பாருங்கள்.

பிறகு அழுத்த மீட்டரை மாட்டிப் பார்த்தோம். நம் வெயிலில் ஆர்134ஏ கேஸுக்குத் தாழ்ந்த பக்கம் 30 முதல் 40 பிஎஸ்ஐ, உயர்ந்த பக்கம் 200 முதல் 250 வரை இருந்தால் நல்லது. விசிறியின் பிளக்கைக் கழற்றிக் காட்டினார், உயர்ந்த பக்கத்து முள் கண்ணெதிரே ஏறியது. ஈப்போவில் நடந்தது என்ன என்று அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. பெரியவர் கூலியாக 100 வெள்ளி வாங்கிக்கொண்டார். ரிலே, ஃபியூஸ் தாங்கி, வயர், பட்டை எல்லாம் சேர்த்து 60 வெள்ளிக்குள்.

இதைத் திரும்பச் செய்ய நேர்ந்தால் எஞ்சினை இறக்கும் முன்பே எஞ்சின் போடுபவரையும் ஏர்கோன்காரரையும் வயர்மேனையும் ஒரே நாளில் காரின் முன் நிற்க வைப்பேன். முடியாவிட்டால் ஒருவரிடமே மொத்தப் பொறுப்பையும் கொடுத்து, கூலியில் மூன்றில் ஒரு பங்கை நிறுத்தி வைப்பேன். ஏர்கோன் போட்ட நிலையில், காரை நிறுத்தி, எஞ்சின் அணையாமல், இரண்டு விசிறியும் சுற்றி, கால் மணி நேரம் ஓடிய பிறகுதான் மிச்சப் பணம். பழைய வயரிங்கை அறுக்கும் முன் ஒவ்வொரு பிளக்கையும் கைப்பேசியில் படம் எடுத்து, வயரில் சீட்டு ஒட்டச் சொல்வேன். ஏர்கோன் கடையில் "நேராகக் கொடுத்துவிடலாம்" என்ற சொல் வந்தால் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

எஞ்சின் எண் மாறியதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவு செய்வது தனிப் பாடு. எஞ்சின் வாங்கிய ரசீதையும் சுங்க ஆவண நகலையும் ஹாஃப்கட் கடையிலேயே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு போனால் கடைக்காரருக்கு உங்களை நினைவிருக்காது. கிராண்டில் (வாகனப் பதிவுச் சான்றில்) எண் மாறாத காருக்கு விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனத்தோடு வழக்காடுவது ஏர்கோனைவிடப் பெரிய தலைவலி.

கார் இப்போது ஓடுகிறது. சிக்னலில் ஏர்கோன் பிடிக்கும் நேரத்தில் ஓட்டம் இலேசாக இறங்கி ஏறுகிறது. அது இயல்பு என்றார் பெரியவர். என்னுடைய வயரிங் படத்தைக் கேட்டு ஆலையில் சிலர் வந்தார்கள், நகல் எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது படத்தின் மேல் என் ஈசியுவின் எண்ணைச் சிவப்பு மையில் எழுதித்தான் கொடுக்கிறேன். உங்கள் எண் வேறாக இருந்தால் அந்தப் படம் உங்களுக்கு உதவாது.